கல் மாமா கையில் கத்தி தரமாட்டார்

எழுபதுகளில் எங்கள் சந்தில் விரலில் துணி சுற்றாத பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால், அவள் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய் அன்றைக்குத்தான் திரும்பியிருக்கிறாள் என்று அர்த்தம். மற்ற எல்லோர் விரலையும் பதம் பார்த்த புண்ணியவான் கல் மாமா.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே வீட்டில் ஆறு குடித்தனம். என் பக்கத்து அறையில் அவர். மனைவி காலமாகிவிட்டாள், பெண்ணை டில்லியில் கட்டிக்கொடுத்தாயிற்று, ஆபீசிலிருந்தும் ரிடையர் ஆகியாயிற்று. ரிடையர் ஆனவர்கள் பீச்சில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அது யாருக்கும் தொந்தரவில்லை. இவர் கத்தி தீட்டினார். யாரும் கேட்கவில்லை. தானாக வந்து எடுத்துக்கொண்டு போவார்.

மூன்று கல் வைத்திருந்தார். ஒன்று சொரசொரப்பு, ஒன்று நடுத்தரம், ஒன்று கன்னங்கரேலென்று வழவழப்பு. மூன்றும் ஒரு பித்தளை அடுக்கில் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும். ஊரே தண்ணீருக்குத் தவித்த காலம். பம்படியில் நாங்கள் குடத்தை வைத்துக்கொண்டு குடுமிப்பிடி சண்டை போடுவோம். இவருடைய கற்கள் மட்டும் தினம் புதுத் தண்ணீரில் குளிக்கும்.

கத்தி என்றால் கல்லைக் கீழே வைத்துக் கத்தியை அதன்மேல் இழுப்பார். அரிவாள்மணை என்றால் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, கல்லைக் கையில் பிடித்து அந்த வளைவோடு ஏற்றி இறக்குவார். பதம் வந்ததா என்று பார்க்க இடது கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார். அந்தக் கை குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். சிரைக்க முடி மிச்சமில்லாத நாளில் பேப்பரைக் கிழித்துப் பார்ப்பார். அவர் பேப்பர் இல்லை, எங்கள் பேப்பர். என் வீட்டுக்காரர் பல நாள் நாட்டு நடப்பை ரிப்பன் ரிப்பனாகத்தான் படித்தார்.

ஒருநாள் பாதி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அரிவாள்மணையை உருவிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, அடுப்புல எண்ணெய் காயறது."

"காயட்டுமே. இத வெச்சுண்டு நீ வாழைக்காய நறுக்கலைடி, கொலை பண்ணிண்டிருக்கே."

இன்னொரு பிடிவாதமும் உண்டு. கத்தியைக் கையில் தரமாட்டார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார், நாம் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவரோடு நான் சண்டை போடாத நாளே கிடையாது. இதில் புதிதாக என்ன சண்டை வந்துவிடப் போகிறது என்று கேட்டால், தரையைத்தான் காட்டுவார்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கம்பெனியைக் கதவடைத்துவிட்டார்கள். நான் கேரியர் சாப்பாடு செய்து கொடுத்துத்தான் குடும்பம் ஓடியது. கல் மாமாவுக்கும் என் சாப்பாடுதான். அந்தச் சமயத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையிலிருந்து ஆள் வந்தது. ஆயுத பூஜைக்கு நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. முதலாளிக்குப் பிடித்துவிட்டால் தினப்படி ஆர்டர். அது கிடைத்தால் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம். கிடைக்காவிட்டால் நிறுத்த வேண்டியதுதான்.

விஷயத்தை வீடு முழுக்கச் சொல்லிவைத்தேன். கல் மாமா, "பெரிய ஆர்டர், ஆயுதமெல்லாம் பதமா இருக்கணும்" என்று முதல்நாள் மத்தியானமே என் அரிவாள்மணை, கத்தி, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். காலையில் தயாராக இருக்கும் என்றார்.

தயாராகத்தான் இருந்தது. விடியற்காலையில் கூடத்துக்கு வந்தால், சாமி படத்துக்கு முன்னால் என் அரிவாள்மணைகள், என் கத்திகள், மற்ற ஐந்து குடித்தனத்தின் கத்திகள், எதிர் வீட்டுக் கத்திகள், நடுவில் அந்த மூன்று கற்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கற்பூரமும் காட்டியாயிற்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

"ஆர்டர் இன்னிக்குன்னு சொன்னேனே மாமா."

அவர் முகம் செத்துப்போயிற்று. "பூஜைய முதல்ல முடிச்சுட்டா உனக்கு நல்லதுன்னு நெனச்சுண்டேன். சமையலுக்கு நறுக்கணும்ங்கறது தோணலைடி."

நாள் முழுக்கக் கத்தியைக் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷனுக்கு அது எதற்கு என்று தோணவில்லையாம்! வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வீட்டுக்கார மாமி ஓடி வந்து, எடுத்தால் வீட்டுக்கே ஆகாது என்று குறுக்கே நின்றாள். மாமி நிற்காவிட்டாலும், குங்குமம் வைத்ததைத் தொட எனக்கே கை வரவில்லை. பண்டிகை நாள், பாத்திரக்கடையும் திறக்காது.

வேறு வழியில்லை. பீன்ஸை ஒடித்தோம். முருங்கைக்காயை ஒடித்தோம். தக்காளியைக் கையால் பிசைந்தோம். உருளைக்கிழங்கை வேகவைத்து உதிர்த்தோம். பரங்கிக்காயை முற்றத்துக் கல்லில் போட்டு உடைத்தோம். கல் மாமாவும் வந்து உட்கார்ந்து பீன்ஸ் ஒடித்தார். அதையும் ஒவ்வொன்றாக அளந்து, ஒரே அளவாக ஒடித்தார். நான் ஒரு கூடை முடிப்பதற்குள் அவர் ஒரு பிடி முடித்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

பட்டறை வேன் வந்தது. நானும் கூடவே போனேன். அங்கே மிஷினுக்கெல்லாம் மாலை. பந்தி நடந்தது. மேஸ்திரி சாம்பாரில் கையை விட்டு ஒரு பரங்கித் துண்டத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது, கல்லால அட்ச்சா மாதிரி கீது?"

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எரிச்சல். "ஆமாம், கல்லுல போட்டுத்தான் ஒடச்சேன். கத்தியெல்லாம் பூஜையில இருக்கு. எடுக்கக் கூடாது. இஷ்டமிருந்தா சாப்பிடுங்கோ."

ஆர்டர் போயிற்று என்று பாத்திரத்தை எடுக்கக் குனிந்தேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பயபக்தியான ஆள். இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஒத்தக் காயிலயும் கத்தி படலையா?"

"படலை."

மேஸ்திரி முந்திக்கொண்டார். "அக்காதான் நைனா சரியான ஆளு. நம்ம மிஷின் ரெஸ்ட்ல கீது, அவங்க கத்தியும் ரெஸ்ட்ல கீது."

முதலாளி சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து, நாளன்றைக்கே ஆரம்பித்துவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கல் மாமாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன். அன்று தொடங்கியது. அந்த ஆர்டரை வாங்கிக்கொடுத்தவரே அவர்தானாம். பால்காரனிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். என் வீட்டுக்காரரிடமே, என்னை வைத்துக்கொண்டு சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜை என்றால் பட்டறையில் ஒடித்த பீன்ஸ்தான் கேட்டார்கள். கல் மாமா கூடையைப் பிடுங்கிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார், வேலை ஓடாது.

சில வருஷம் கழித்துப் பெண் வந்து அவரை டில்லிக்கு அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் டாக்சி நிற்கிறது, பெண் கூப்பிடுகிறாள். இவர் என் பரங்கிக்காய்க் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவழியாகத் துடைத்துக் கொண்டுவந்து, வழக்கம்போலத் தரையில் வைக்கக் குனிந்தார். நான் கையை நீட்டினேன்.

"கையிலயே குடுங்கோ மாமா."

"சண்டை வருமேடி."

"வரட்டுமே. சண்டை போடவாவது திரும்பி வருவேளோன்னோ."

குனிந்தவர் நிமிர்ந்தார். பிடியை என் பக்கமாகத் திருப்பினார். கையில் கொடுத்தார்.