நாற்பது பாக்கெட் பாலுக்கு ஏழு நாள் நீட்டிப்பு

பால் கெட்டுப்போகும் பொருள் என்ற உண்மை, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த செவ்வாய்க்கிழமையன்றுதான் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை பால் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குக் கெட்டுக்கொண்டிருந்தது.

கொண்டுபோனவள் முனைக்கடை அக்கா. பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறாள். அவள் கடைச் சாமானைத் தின்று ஒருத்தருக்கும் வயிறு கலங்கியதில்லை. அந்த ஒரு கர்வம் மட்டும் அவளுக்கு உண்டு.

காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ் கதவில் டேப் ஒட்டிவிட்டாள். உள்ளே நாற்பது பாக்கெட் பால், ஆறு பொட்டலம் கோழிக்கறி. கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும் என்பது அவள் கணக்கு.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"ஃப்ரிட்ஜைத் திறக்காம வச்சிருக்கீங்களா?"

"ஆமா சார். டேப் ஒட்டியிருக்கேன் பாருங்க."

"அதை நான் எப்படி நம்புறது?" என்று டேப்பைக் கிழித்து, கதவை அகலத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். "சரி, திறக்காமதான் வச்சிருக்கீங்க" என்று குறித்துக்கொண்டு போனார். பதினொன்றுக்கும் வந்து பார்த்தார். பன்னிரண்டுக்கு மேலதிகாரியையும் கூட்டி வந்து காட்டினார்.

கரண்ட் வரவே இல்லை. சாயங்காலம் பாக்கெட்டுகள் தொட்டாலே வெதுவெதுவென்று இருந்தன. அக்கா எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கொட்டக் கிளம்பினாள். இன்ஸ்பெக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"கெட்டுப்போச்சு சார். கொட்டப்போறேன்."

"கெட்டுப்போச்சுன்னு சொல்ல நீங்க யாரு? அதுக்குத்தானே ஒரு ஆபீஸே வச்சிருக்கோம்!"

மறுநாள் அக்கா ஆபீஸுக்குப் போனாள். மூன்று மேசை தாண்டி, மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருந்த குமாஸ்தாவிடம் வந்து சேர்ந்தாள்.

"கொட்டுறதுக்கு ஃபாரம் கிடையாதும்மா. நீட்டிப்புக்குத்தான் இருக்கு."

"எதை நீட்டிக்கிறது?"

"கெடுவை. உங்க பாலோட கெடு முடிஞ்சுபோச்சு இல்லையா? அவகாசம் கேட்டு எழுதிக்குடுங்க."

"எனக்கு அவகாசம் வேணாம் சார். கொட்டணும்."

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "கேளுங்க. நீங்க அவகாசம் கேப்பீங்க. பெரியவர் முடியாதுன்னு சொல்லுவார். அந்த மறுப்பைக் காட்டி நிம்மதியாக் கொட்டிடலாம்."

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல்தான் பட்டது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் பெரிய அதிகாரி தங்கமான மனுஷன். அந்த மாசத்தோடு ஓய்வு பெறுகிறார்; போகும்போது யார் மனசையும் நோகடிக்கக் கூடாது என்று இருந்தார். 'மனுதாரரின் சூழ்நிலையைக் கனிவுடன் பரிசீலித்து, மேற்படி பாலுக்கு ஏழு நாட்கள் நீட்டிப்பு வழங்கப்படுகிறது. கோழிக்கும் கருணை அடிப்படையில் அவ்வாறே' என்று எழுதி, பச்சை மையில் கையெழுத்திட்டார்.

இன்ஸ்பெக்டரே வந்து உத்தரவைக் கடை வாசலில் ஒட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் கடை முன்னால் கூட்டம் நெட்டித் தள்ளியது.

"ஆர்டர் வாங்கின பாலாமே! எனக்கு ரெண்டு" என்றாள் மாடி வீட்டம்மா.

"வேணாம்மா, கட்டி கட்டியாப் போயிருக்கு."

"அதாங்க இப்போ ஃபேஷன்" என்றார் உடற்பயிற்சி மாஸ்டர். "சாதாரணப் பாலுக்கு அனுபவம் பத்தாது. இது பக்குவப்பட்ட பால்."

"நாத்தம் குடலைப் புடுங்குது மாஸ்டர்!"

"சத்து வெளியில வர்ற வாசனை அது."

அக்கா ஷட்டரை இழுத்து மூடினாள். இதைக் குடித்துவிட்டு ஒரு குழந்தை சுருண்டு படுத்தால், உத்தரவா வந்து ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காரும்?

ஷட்டரைத் தட்டி இன்ஸ்பெக்டர் எச்சரித்தார்: "நல்ல பாலைப் பதுக்குறது குத்தம்."

உள்ளே அவள் வீட்டுக்காரர் சட்டையால் மூக்கை மூடியபடி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, சோதனைக்கு மாதிரி குடுக்கலாம்னு போட்டிருக்கே. எவ்வளவுன்னு போடலை."

வியாழக்கிழமை காலை நாற்பது பாக்கெட்டும் ஆறு பொட்டலமும் மாதிரியாகத் தள்ளுவண்டியில் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தன. குமாஸ்தா எண்ணிப் பார்த்து ரசீது கொடுத்தார். சோதனைச்சாலை ஆள் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை மாதிரிகளைப் பெரியவர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் பாக்கெட் வெடித்தது. பெரிய அதிகாரி மேசைக்கடியில் புகுந்துவிட்டார். மாலைக்குள் ஆபீஸ் மொத்தமும் நாற்காலி மேசையோடு நடைபாதைக்கு வந்துவிட்டது.

"கொட்டித் தொலைங்கய்யா!" என்று பெரியவர் கத்தினார்.

"அதுக்கு ஃபாரம் இல்லைங்களே ஐயா" என்றார் குமாஸ்தா. சொல்லிவிட்டு, தயங்காமல் இன்னொரு ஏழு நாளுக்கு நீட்டிப்பு ஃபாரத்தை நீட்டினார்.

சனிக்கிழமை கரண்ட் வந்தது. ஞாயிறு விடியற்காலையில் புதுப் பால் வந்து இறங்கியது. அக்கா ஃப்ரிட்ஜைத் துடைத்து அடுக்கி, ஆசையாகக் கடையைத் திறந்தாள். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். பெரிய அதிகாரியும் பையோடு நின்றார்.

"ஆர்டர் எங்கே?" என்றாள் மாடி வீட்டம்மா.

"எதுக்கும்மா ஆர்டர்? இப்பதான் வந்த பால். வேணும்னா மோந்து பாருங்க."

"மூக்கை நம்பிக் குடிக்கச் சொல்றீங்களா?"

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். "சார், நீங்களாவது சொல்லுங்க. புதுப் பால்தானே இது? துளிகூடக் கெடலை."

பெரியவர் பாக்கெட்டை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பரிவோடு திருப்பிக் கொடுத்தார். "கெடாத பாலுக்கு நான் எப்படிம்மா நீட்டிப்புக் குடுக்கிறது? முதல்ல கெடட்டும். அப்புறம் வாங்க, உடனே செஞ்சு தர்றேன்."

வரிசை மொத்தமும் அதை ஒத்துக்கொண்டு தலையாட்டியது. சிலர் பையை விரித்துப் படியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"கெட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் மாஸ்டர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "வெளியில வச்சா ரெண்டு மணி நேரத்துக்கு மேல நம்பக் கூடாது."

"அப்போ வெளியில எடுத்து வைங்க!" என்றார்கள் முப்பது பேரும்.