சிஐடியும் ஒரு பை வெண்டைக்காயும்

பெங்களூரின் சந்தேகப் பேர்வழிகள் அத்தனை பேரையும் ஒரு தட்டிலும், எங்கள் சிஐடியை இன்னொரு தட்டிலும் உட்கார வைத்தால், முதலில் தராசைச் சோதிக்கச் சொல்லும் ஆள் அவர். ஹெப்பகோடியில் பிளாஸ்டிக் பாக்கெட் வெட்டும் இயந்திரம் செய்யும் சின்னக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜை. அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் எந்த இயந்திரமும் வெளியே போகும். சிஐடி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர்; சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடமும் மணி கேட்பார். சொன்னால், "உன் வாட்ச் யாரக் கேட்டு ஓடுது?" என்பார். ஆனால் அவருடைய பரம எதிரி கம்ப்யூட்டர்தான்.

எங்கள் புது இயந்திரத்தில் கத்தியை நிறுத்தும் பொத்தான் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. அமுக்கினால் 'நில்' என்ற செய்தி சீரியல் கேபிள் என்ற ஒயர் வழியே கத்திக்குப் போகும். புரோகிராம் என்னுடையது. இயந்திரத்தை வாங்கிய கம்பெனியிலிருந்து மேரி என்ற பெண் அதில் பழக வந்திருந்தாள். சிஐடி தினமும் ஒரு பை வெண்டைக்காய் கொண்டுவந்து, மேரியின் விரலுக்குப் பதிலாகக் கத்தியின் அடியில் நீட்டி, என்னை அமுக்கச் சொல்வார். ஒரு நாள் காலை முழுக்கக் கத்தி சமர்த்தாக நின்றது. மதியம் ஒரு வெண்டைக்காய் துண்டானது.

"கேபிள் லூசா இருக்கும்" என்றேன்.

"கேபிள் யோக்கியம்ப்பா. உன் கம்ப்யூட்டர்தான் வேற எங்கியோ பராக்கு பாத்துனு இருந்துச்சு."

பார்த்தால் உண்மைதான். வைரஸ் தேடும் மும்முரத்தில் என் 'நில்'லை வரிசையில் நிற்க வைத்திருக்கிறது. வேகமான கம்ப்யூட்டர்தான், ஆனால் இத்தனை நேரத்துக்குள் அனுப்பியே தீருவேன் என்று சத்தியம் செய்யாது. வைரஸ் தேடலை நிறுத்தினேன். மறுநாள் ஏதோ அப்டேட், இன்னொரு வெண்டைக்காய்.

மேனேஜர் சிஐடியிடம் வந்து குதித்தார். "எப்பவோ ஒருவாட்டி லேட்டாவுது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா! சாயங்காலம் மிஷின் போயே ஆகணும். கையெழுத்து போடு, இல்ல வேலைய விட்டுப் போ!"

"போட்றேன் சார். அட்ஜஸ்ட் பண்ண மேரிம்மா விரல் எதுக்கு? உங்க விரல வெய்யுங்க, நான் அமுக்கறேன்" என்றார் சிஐடி.

மேனேஜர் வீராப்பாகக் கையை நீட்டினார். திரையின் மூலையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நீட்டிய கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

"சரி, என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார் மெதுவாக.

சிஐடி ஒரு சிவப்புப் பொத்தானைப் பொருத்தினார். கம்ப்யூட்டரை அண்டவே விடாமல், கத்தியின் மின்சாரத்தையே நேராக நிறுத்தும் பொத்தான். மீதி வெண்டைக்காய் எல்லாம் பிழைத்தது. அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் பஸ் ஏறிய மேரி, ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் நீட்டி டாட்டா காட்டினாள். சிஐடி பஸ்ஸின் பின்னாலேயே ஓடினார்.

"கைய உள்ள வெய்யிம்மா! அந்த டிரைவர நம்பாத!"

யாரையுமே நம்பாத அந்த மனிதரை நம்பியதுபோல் நான் இன்றுவரை வேறு யாரையும் நம்பியதில்லை.