ஒரு மூட்டையில் ஆறு வீட்டு நேர்த்திக்கடன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது நீட்டினால் கை தானாகப் போய் வாங்கிக்கொள்ளும். முடியாது என்று சொல்ல வாய் திறக்கும், சத்தம் வராது. எண்பது வயதைத் தாண்டியும் இதற்கு மருந்து கிடைக்கவில்லை. இந்த வியாதி முதன்முதலில் ஊரறிய வெளிப்பட்டது நான் கூடாரத்துக்குப் போகக் கிளம்பிய அன்றைக்குத்தான்.

புதுக்கோட்டையில் மகாராஜா இருந்த காலம். திருக்கோகர்ணத்தில் அஞ்சாம் வகுப்பு படித்தேன். எங்கள் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பெரிய பிள்ளைகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு படை வைத்திருந்தார். எல்லாருக்கும் கழுத்தில் ஒரு நீலத் துண்டு. விசில் டீச்சருக்கு மட்டும். கோடை லீவில் நார்த்தாமலை அடிவாரத்தில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு.

அஞ்சாவதோடு என் படிப்பு நிறுத்தம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனாலோ என்னவோ அப்பா மனம் இரங்கி, கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வரட்டும் என்றார். இதை விட்டால் பிள்ளைகளோடு சேர்ந்து போக இன்னொரு ஊர் கிடையாது என்று எனக்குத் தெரியும். பத்து நாள் சோறு இறங்கவில்லை.

டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தட்டு, லோட்டா, மாற்றுத்துணி எல்லாவற்றையும் போர்வையில் கட்டி அவரவர் மூட்டையை அவரவரே முதுகில் சுமக்க வேண்டும். கிளம்புகிற அன்று காலை மூட்டையோடு பள்ளிக்கூடத்தை மூன்று சுற்று வர வேண்டும். நடுவில் இறக்குகிறவள் வீட்டுக்குப் போகலாம். இந்தச் சட்டத்தை நான் வீட்டில் சொல்லவே இல்லை. (அப்பா முன்னால் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் எனக்கு வேர்த்துவிடும்.)

ஆத்தாதான் எனக்கு மூட்டை கட்டியது. கட்டுவதற்கு முன்னால் குடத்தோடு கிணற்றடிக்குப் போய், என் மகள் நார்த்தாமலைக்குப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தது. எங்கள் பக்கத்தில் நார்த்தாமலை என்றால் மலையோ கூடாரமோ யாருக்கும் நினைவு வராது. மாரியம்மன்தான். அந்த வருஷம் தெருவில் அம்மை போட்டு இறங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு ஒரு வேண்டுதல் இருந்தது.

முதலில் ஒரு வீட்டிலிருந்து உப்பும் மிளகும் வந்தன. அடுத்து குளத்தில் கரைக்க இரண்டு வீசை வெல்லம். மூன்று தேங்காய். ஒரு மண் பொம்மை. கண் பார்வைக்கு நேர்ந்துகொண்டு தகட்டில் கண் மாதிரி செய்த கண்மலர் ஒரு ஜோடி. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கினேன். சாமி காரியத்துக்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்று ஆத்தா வேறு பக்கத்தில் நின்று தலையாட்டியது. கடைசியாக வந்தது எதிர்வீட்டுச் செல்லம்மா அக்கா. பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளை பிழைத்து எழுந்திருந்தது.

"எங்கிட்டும் போக முடியல தாயி, பிள்ளைய விட்டுட்டு. நீ போறப்ப இத மட்டும் சேத்துரு" என்று நீட்டியது.

அது ஒரு சேவல்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்து போகவில்லை, மூட்டை என்னைத் தள்ளிக்கொண்டு போனது. கால் கட்டிய சேவலைப் பைக்குள் போட்டுத் துண்டால் மூடியிருந்தேன். மற்றப் பிள்ளைகள் முயல் மாதிரி சுற்றி வந்தார்கள். நான் அரைச் சுற்றில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பை கூவியது.

டீச்சர் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். பதினொரு பிள்ளைகளும் வட்டம் கட்டி நின்று பார்த்தார்கள். பூமி பிளந்தால் தேங்காயோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"ஏட்டி, நீ கூடாரத்துக்கு வாரியா, காவடி எடுக்கியா?" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் சிரித்து ஓய்ந்ததும், "பாதிய எடுத்து வெளிய வை. சுமக்க முடிஞ்சா வா. இல்லன்னா வீட்டுக்குப் போ" என்றார்.

வெல்லத்தைத் தொட்டேன். யார் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது என்று நினைவு வந்தது. தேங்காயைத் தொட்டேன். அதுவும் அப்படியே. கடைசியில் என் தட்டை எடுத்து வெளியே வைத்தேன். லோட்டாவை வைத்தேன். மாற்றுப் பாவாடை இரண்டு, சீப்பு, துவட்டுகிற துண்டு, ஆத்தா கட்டிக்கொடுத்த முறுக்கு. மிச்சத்தை முடிந்து முதுகில் ஏற்றி, கண்ணீர் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் ஒழுக மூன்று சுற்றும் சுற்றினேன். இறக்கவில்லை.

டீச்சர் வெளியே கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சேவல் பையைத் தானே எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் நார்த்தாமலை வரைக்கும் அது அவர் மடியில்தான் இருந்தது.

மூன்று நாளும் இலையில் தின்றேன், கையில் தண்ணீர் குடித்தேன், ஒரே பாவாடையில் இருந்தேன். கோயிலில் பூசாரி யார் பேருக்கு என்று கேட்டார். பதற்றத்தில் ஆறு வீட்டுப் பேரும் மறந்துபோய், எல்லாவற்றுக்கும் "சிவகாமி" என்று என் பேரையே சொல்லிவிட்டேன். (இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கண்மலர் கொடுத்த வீட்டு அக்கா சீக்கிரமே கண்ணாடி போட்டுக்கொண்டது. நான் இன்றைக்கும் வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோர்க்கிறேன்.)

இந்தக் கதை என் பிள்ளைகள் வாயில் விழுந்தது என் கெட்ட நேரம். நான் வெளியூர் கிளம்பினால் தெருவில் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்கள், ஒளித்துத்தான் கூட்டிப்போவார்கள். போன மாதம் மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறும்போது பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். எங்கே என்று கேட்டாள். என் மகன் சாமர்த்தியமாக, "ஊருக்கெல்லாம் இல்லக்கா, இந்தா இருக்கிற கோயிலுக்கு" என்றான்.

கோயில் என்றதும் அவள் உள்ளே ஓடிப்போய் விளக்குக்கு ஒரு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து நீட்டினாள். மகன் என்னைப் பார்த்தான். நான் அதற்குள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.