உப்புத் தண்ணீர்க் கிண்ணம்

என் எழுத்து கோணல், ஞாபகமும் ஓட்டை. படிப்பு ஐந்தாவதோடு சரி. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: மண்புழுவை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்டவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். எங்கள் புழு சார்.

விருத்தாசலத்தில் ஒரு மருந்துக் கல்லூரியின் சோதனைக்கூடத்தில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் பாத்திரம் கழுவினேன். பிள்ளைகளின் வயிற்றுப்பூச்சிக்குக் குப்பைமேனிச் சாற்றில் மருந்து கண்டுபிடிப்பது அங்கே ஆராய்ச்சி செய்த சாரின் கனவு. வயிற்றுப்பூச்சிக்கும் மண்புழுவுக்கும் உடல்வாகு ஒரே ஜாடையாம். அதனால் கருவேப்பிலங்குறிச்சி வயலில் புழு பிடித்து, வாளியோடு பஸ் ஏறுவார்.

“வாளியில இன்னா சார், மீனா?” என்பார் கண்டக்டர்.

“பேஷண்ட்டுங்க. மெதுவா ஓட்டச் சொல்லுங்க.”

எட்டிப் பார்த்தவர்கள் எழுந்து ஓட, ஊர் வரைக்கும் சாருக்குத் தனி சீட்டு.

சூளையில் கோணிப்போன பீங்கான் கிண்ணங்கள்தான் சோதனைக்கு. ஒன்றில் கடை மருந்து, ஒன்றில் சாரின் சாறு, மூன்றாவதில் மருந்தே இல்லாத, லேசான உப்புத் தண்ணீர். அதில் கிடக்கும் புழு சாகவே கூடாது. செத்தால் சோதனையே கோளாறு.

ஒருநாள் கல்லூரி முதல்வர் வந்தார். சாறு பலித்தால் ஆராய்ச்சி நடக்கும்; இல்லையென்றால் கூடத்துக்குப் பூட்டு. ஆறாவது நிமிடத்தில் சாற்றுப் புழுக்களைச் சார் ஊசியால் தொட்டார். அசைவில்லை.

“போயிட்டாங்க!” என்று குதித்தார். முதல்வர் கை கொடுத்தார். குதித்த வேகத்தில் சாரின் கண் மூன்றாவது கிண்ணத்தில் விழுந்தது.

“உங்களுக்கு இன்னாங்க ஆச்சு? உப்புத் தண்ணியிலதானே இருந்தீங்க?” என்று செத்த புழுக்களிடமே விசாரித்தார்.

நான் முன்னால் வந்தேன். “சார்... பெரியவங்க வராங்கன்னு கிண்ணத்தையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன். விரிசல்ல தங்கிடுச்சு போலருக்குது.”

முதல்வர் சிரித்தார். “அந்தக் கிண்ணத்த விட்டுட்டு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே சார். நாளைக்குக் கொழந்தைங்க வயித்துக்குப் போறதாச்சே.” எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் கிண்ணங்களை ஏழு தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். சாரின் சாற்றில் புழுக்கள் சாயங்காலம் வரை குளத்தில் குளிப்பதுபோல் நெளிந்தன. அதையும் அப்படியே எழுதினார். கூடத்தைப் பூட்டினார்கள்.

மிச்சப் புழுக்களை வாய்க்கால் ஓரம் விட்டு, “போயிட்டு வாங்க” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அழாதீங்கம்மா. நீங்க வாயத் தொறந்ததாலதான் பொய் மருந்து கொழந்தைங்க வயித்துக்குப் போவல.”

அங்கே எல்லாருக்கும் நான் ‘ஏய்’தான். புழுவுக்குக் கொடுத்த மரியாதையை எனக்கும் கொடுத்தவர் அவர் ஒருவர்.

ஆறு நிமிடமா ஏழா, இலை குப்பைமேனிதானா, எனக்குச் சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபாருங்கள். தப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சாரைப் பற்றியது, தப்பாக இருக்கக் கூடாது.