ஒட்டகம் என்னைத் தத்தெடுத்த விவரம்

மதிப்புக்குரிய சம்பந்தி தம்தின் அவர்களுக்கு, ஷாரவ் பணிவுடன் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி செவெல்மா எழுதுகிறாள். தங்கள் மந்தை வசந்தத்தை மெலியாமல் தாண்டியதா? உலான்பாத்தரில் ஒன்பதாம் மாடியில் மந்தை ஏது, ஆனாலும் கேட்பது முறை. கார் நலமா?

என் முதுகு சரியாகாவிட்டால் தங்கள் வீட்டோடு வந்து இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதற்குமுன் கடைசி முயற்சியாகத் தாங்கள் அனுப்பிய வெண்கலக் கிண்ணக்காரர் வந்தார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பு நெடுகக் கிண்ணங்களை அடுக்கி, ஒவ்வொன்றாகத் தட்டினார். அதிர்வில் நரம்பு இளகுமாம். "எப்படி இருக்கு, ஐயா?" என்றார். "முதுகு மேல பால் டீயை வெச்சுட்டு, குடிக்கக் கூடாதுன்ற மாதிரி இருக்கு" என்றேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, மரத்துக் கிடந்த கால் வழியாகக் குதிகால்வரை எறும்பு ஊர்ந்தது. அன்று நானே எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் அவர் போய்விட்டார், எறும்பும் போய்விட்டது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. குட்டியை ஒதுக்கும் தாய் ஒட்டகத்துக்கு நாம் குதிரைத்தலைப் பிடில் வாசிக்கிறோம். அவள் அழுது, பால் விடுகிறாள். நம் பஞ்சாங்கத்துப் பாம்பு ஆண்டில் அப்பாவின் கிழட்டு ஒட்டகம் அப்படி அழுதபோது எந்தக் கண்ணில் முதலில் நீர் வந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஒட்டகத்தின் மனதையே இளக்கும் பிடில், ஒரு கிழவனின் நரம்பை இளக்காதா? பக்கத்துக் கூடாரத்து லுவ்சானை அழைத்து, பிடிலின் அடியை என் இடுப்பில் ஊன்றி வாசிக்கச் சொன்னேன். கூடாரத்துக்குள் இடம் போதவில்லை, வெளியே படுத்தேன். காற்று குத்தியது. கைக்கு எட்டியதை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அது செத்த குட்டியோட தோலுங்க. நாளைக்கு அந்தத் தாயில்லாக் குட்டிக்குப் போத்தணும். குட்டிய இழந்த தாய் மோந்து பாத்துத் தன் குட்டின்னு நம்பணும்ல" என்றாள் செவெல்மா.

"ஒரு நாள் நான் போத்திக்கிட்டா தேஞ்சா போயிடும்?"

லுவ்சானுக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான், தாய் ஒட்டகத்தை அழவைக்கும் அந்தப் பாட்டு. 'கூஸ், கூஸ்' என்று ஆரம்பித்தான். சற்று நேரத்தில் என் பிடரியில் சூடான மூச்சு.

"அண்ணே, அசையாதீங்க. அது கண்ணுல தண்ணி வருது" என்றான் லுவ்சான்.

"எனக்கும்தான்டா வருது."

குட்டியைப் பறிகொடுத்த அந்தத் தாய் என்னை மோந்தாள், நக்கினாள், கழுத்தை என் முதுகில் சாய்த்து அடித்தொண்டையில் முனகினாள். அந்த முனகல் எலும்புக்கு எலும்பு இறங்க, இடுப்பில் ஏதோ சடக்கென்று தன் இடத்துக்குப் போயிற்று. எழுந்து நின்றுவிட்டேன், சம்பந்தி.

இப்போது நான் பக்கத்தில் நின்றால்தான் அவள் மடி சுரக்கிறது. நான் தோலோடு நிற்க, அந்தப் பாலைக் கறந்துதான் தாயில்லாக் குட்டிக்கு ஊட்டுகிறோம். "இத்தனை வருஷமா உங்களால ஒரு பிரயோஜனம் இல்ல, இப்பதான் குட்டியா உதவுறீங்க" என்கிறாள் செவெல்மா, எழுதிக்கொண்டே. ஆகவே என்னால் வர இயலாது. ஒன்பதாம் மாடி அறையை வேறு யாருக்காவது கொடுங்கள்.

தங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், லிஃப்ட் நிற்காதிருக்கட்டும்.

ஷாரவ்

பின்குறிப்பு: தபால் வண்டி வருவதற்குள் லுவ்சான் அந்தத் தோலை என்னிடமிருந்து வாங்கிக் குட்டிக்கே போர்த்தி வாசித்துவிட்டான். தாய் அழுதாள், குட்டி குடித்தது. மகிழ்ந்துபோய் அருகில் போனேன், என்மீது துப்பினாள். துள்ளி விலகினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடிதான் இதைச் சொல்கிறேன். கார் அனுப்புங்கள், கிண்ணக்காரரையும் ஏற்றி அனுப்புங்கள். ஒரு போர்வையும் வேண்டும். வாசனை இல்லாததாக இருக்கட்டும்.