பின் டயருக்கு எவ்வளவு காற்று?

"என் இடுப்பு போச்சு," என்றாள் டோரீன். பிக்கப் வண்டி அப்போது தாண்டியிருந்தது ஒரு சின்னக் கூழாங்கல்லை.

அவள் கணவன் லைல் ஹவ்ரானெக் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். செவ்வாய்க்கிழமை மாட்டு ஏலத்திலிருந்து திரும்பியபோதே வண்டி துள்ள ஆரம்பித்துவிட்டது. ஆறு வருடம் சமர்த்தாக ஓடிய வெள்ளை வண்டிக்குத் திடீரென்று என்ன கோபம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு அறுபது மைல் போகணும். அதுக்குள்ள இதைச் சரி பண்ணு. இல்லேன்னா தள்ளிவிட்டுட்டு ஒரு கார் வாங்கு."

 நெப்ராஸ்கா மணல்மேடுகளில் நானூறு மாடு வைத்திருப்பவன் காரில் வந்து இறங்கினால், கூட்டுறவுக் கடையில் காபி குடிப்பவர்கள் அடுத்த வசந்தம்வரை சிரிப்பார்கள். தவிர, அந்த வண்டிமேல் அவனுக்கு உயிர்.

புதன்கிழமை அந்தக் கடைக்கே போனான். கவுண்டருக்குப் பின்னால் வெர்ஜ் இருந்தார்.

"பின்னாடி எவ்வளவு காத்து?"

"எண்பது பவுண்டு. கதவோர ஸ்டிக்கர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது முழுப் பாரத்துக்குப்பா. வெறும் வண்டிக்கு எண்பது வச்சா துள்ளாம தாலாட்டா பாடும்? அம்பதுக்கு இறக்கு."

இறக்கினான். துள்ளல் கொஞ்சம் குறைந்தது. பதிலுக்கு, வளைவுகளில் வண்டி குடித்தவன்போல் ஆடியது. டோரீன் ஜன்னல் பக்கத்துப் பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"டாஷ்போர்டுல என்னமோ மஞ்சளா விளக்கு எரியுது."

"அது சும்மா ஞாபகப்படுத்துது."

"எதை?"

"டயர்னு ஒண்ணு இருக்குன்னு."

வியாழக்கிழமை அறுபத்தைந்துக்கு ஏற்றினான். விளக்கு அணைந்தது, துள்ளல் திரும்பி வந்தது. சர்ச் விருந்துக்காக டோரீன் மடியில் வைத்திருந்த செர்ரிப் பழப் பலகாரம், மாடு தாண்டாமலிருக்கத் தரையில் பதித்த கம்பிகளை வண்டி கடக்கும்போது அவள் உடையோடு ஐக்கியமாகிவிட்டது. வீட்டு நாய் வண்டியை மோந்து பார்த்துவிட்டு ஏற மறுத்தது.

"அதுக்குக்கூட இடுப்பு வலிக்குது பாரு," என்றாள் டோரீன்.

வெள்ளிக்கிழமை வெர்ஜ் வேறு வழி சொன்னார். "பாரமில்லாததுதான் கோளாறு. பின்னாடி பத்து மூட்டை உப்பு போடு. அப்படியே உக்காந்துடும்."

மாடுகளுக்குப் போடும் உப்பு. மூட்டைகளை ஏற்றியதும் வண்டி உட்காரத்தான் செய்தது. லைல் விசிலடித்துக்கொண்டே தூங்கப் போனான். விடியற்காலையில் மழை பெய்தது. உப்பு கரைந்து வண்டியெங்கும் வழிந்தது. காலையில் எட்டிப் பார்த்தால், பட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முப்பது கிடேரிகள் பிக்கப்பைச் சுற்றி நின்று ஆசைஆசையாய் நக்கிக்கொண்டிருந்தன. ஒரு பின் விளக்கும் ஒரு கண்ணாடியும் கீழே கிடந்தன.

 டோரீன் உள்ளே போய்த் தன் சித்தப்பா மகன் டெல்மாருக்குப் போன் செய்தாள்.

டெல்மார் கொலராடோவுக்குக் குடிபோகிறான். சாமான் ஏற்ற அவனுக்குப் பிக்கப் வேண்டும். அவனிடம் மெத்தைபோல ஒரு கார் இருந்தது. பத்து மணிக்கு வந்தான், டோரீனைக் காரில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் இறங்கும்போதே முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அதைப் பார்த்ததும், காருக்குப் பிக்கப் என்ற பேரத்தை எதிர்த்துப் பேச லைலுக்கு மனம் வரவில்லை.

"பேப்பரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம் மச்சான்," என்று டெல்மார் கை குலுக்கினான். "இன்னிக்கே பொட்டி படுக்கையோட கிளம்பறேன். சாவி எங்க?"

"வண்டியிலதான்." அங்கே யாரும் சாவியைக் கழற்றுவதில்லை. கழற்றினால் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிப்பதாக அர்த்தம்.

லைல் பானட்டைத் தடவிக்கொடுத்தான். "என்னை மன்னிச்சுடு கண்ணு. உனக்கு எவ்வளவு காத்து வேணும்னு கடைசிவரை எனக்குப் பிடிபடல," என்றான்.  டெல்மார் துள்ளித் துள்ளிப் போய் மேற்கே மறைந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, எட்டு மைல் தள்ளி இருக்கும் மெர்லின் ஸ்டுட்ஸ்மன் வந்துகொண்டிருந்தார். அவர் ஓட்டி வந்த, அதேபோன்ற வெள்ளைப் பிக்கப் வாசல் பள்ளத்தில் ஓசையில்லாமல் இறங்கி, ஓசையில்லாமல் ஏறி நின்றது. மெர்லின் இறங்கித் தொப்பியைக் கழற்றி, சங்கடத்தோடு இரண்டு தடவை இருமினார். வானிலையைப் பற்றிக் கொஞ்சம், வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

"ஏலத்துல நீ வண்டி மாத்தி ஏறிப் போனப்பவே பாத்தேன் லைல், சொன்னா கூச்சப்படுவேன்னுதான் இத்தனை நாளா பேசாம இருந்தேன்," என்றார் பிறகு, "நாளைக்கு நான் மாடு ஏத்தணும், அதுக்குன்னே பின்னாடி கூடுதலா ஸ்பிரிங் பட்டை போட்டு வச்சிருந்தேனே, அந்த என் வண்டியை எங்கப்பா நிறுத்தியிருக்க?"