டேலியாக் கிழங்குக்குப் பிடித்த குடை

தமிழனாகப் பிறந்தவன் வெயிலைத் திட்டுவானே தவிர, சந்தேகப்பட மாட்டான். சந்தேகப்படக் கற்றுக்கொள்ள நான் ஜெர்மனி வரை போக வேண்டியிருந்தது.

அறுபதுகளின் கடைசி. ஸ்டுட்கார்ட்டில் வெப்பக் கடத்தல் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க உதவும்.) கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி கமலா திருச்சியில் காத்திருந்தாள். அவளும் என் அறையில் தங்கலாமா என்று வீட்டுக்கார அம்மாள் ஃப்ராவ் ஷ்மிட்டைக் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. முதல் உறைபனியில் அவர் தோட்டத்து டேலியாப் பூச்செடிகள் கருகிய காலையில், மண்வெட்டிதான் வந்தது.

“தண்டை வெட்டுங்கள். கிழங்கைத் தோண்டி, குளிர் முடியும்வரை நிலவறை மணலில் வையுங்கள். திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு உங்கள் மனைவி விஷயம் சொல்கிறேன்.” சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நாற்பது செடி. உதவிக்குக் கீழக்கரை யூசுப், என்னைப் போலவே ஆராய்ச்சி மாணவன். மத்தியானத்துக்குள் இருவருக்கும் எழுபது வயதாகிவிட்டது. கிழங்குகளை ஐஸ் தண்ணீரில் கழுவினோம். (யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.)

“மாப்ளே, ஈரத்தோட இருட்டுல வச்சா அழுகிடாது?”

“அழுகும்டா. மேல பாரு, வத்தல் போடற வெயில்!”

தோட்டத்துக் கொட்டகைக் கூரையில் என் வேட்டியை விரித்துப் பரப்பினோம்.

“காக்கா வந்தா?”

கறுப்புக் குடையை விரித்து நடுவில் கட்டிவைத்தேன். ஒரு காக்கைகூட வரவில்லை. அந்த வெயிலில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது, சூடு இல்லை என்பது வெப்பத்தில் பட்டம் வாங்கப் போகிறவனுக்கு உறைக்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

மறுநாள் குடை வெள்ளையாக இருந்தது. கிழங்குகள் கல். பத்து மணிக்குப் பனி இளகியதும் கல்லெல்லாம் கூழ்.

திங்கட்கிழமை ஃப்ராவ் ஷ்மிட் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“குடை எதற்கு?”

“காக்கைக்கு.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கமலாவின் விமான டிக்கெட் என் கண்ணெதிரே கூழாகிக்கொண்டிருந்தது.

“உங்கள் மனைவிக்குத் தோட்ட வேலை தெரியுமா?”

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரிந்த அளவாவது?”

“அதைவிடக் கொஞ்சம் கூடத்தான்.”

“அப்படியானால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.”

கமலா வந்தாள். கொட்டகைச் சாவி அவள் கைக்குப் போனது. பிறகு மற்ற சாவிகளும். இன்றும் குளிர்காலத்தில் பளிச்சென்று வெயில் அடித்தால் போதும், விருந்தாளிகள் முன்னால் கேட்பாள்: “என்னங்க, நல்ல வெயில். குடை எடுத்துத் தரட்டுமா?”

அவர்கள் ஜன்னலில் மழையைத் தேடுவார்கள். நான் காப்பி போட எழுந்துவிடுவேன். முழுக் கதைக்கும் இரண்டு ரவுண்டு காப்பி வேண்டும்.